பேனருக்கு ஒரு முகம்

என் மனைவி இறந்த அன்று காலை என் மகளின் போனில் அவள் அம்மாவின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பேனரில் போட ஒன்றுகூட இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் மேளக்காரர்கள் வருவதற்கு முன்பே தெருமுனையில் பேனர் நின்றுவிட வேண்டும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் பைக்கை நிறுத்தி முகத்தைப் பார்த்து, யார் வீட்டுச் சாவு என்று தெரிந்துகொண்டு போவார்கள். திரும்பும்போது மாலை வாங்கிக்கொண்டு வருவார்கள். பேனர் இல்லாத சாவு என்றால், சொல்லிக்கொள்ள ஆளில்லாத சாவு என்று அர்த்தம்.

என் மனைவியின் அண்ணன் விடிந்ததும் அத்திப்பட்டிலிருந்து வந்துவிட்டார். அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர் அவர். எந்தக் காரியத்தையும் தள்ளிப்போடத் தெரியாது. தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுவாயல் கூட்டு ரோட்டில் இருக்கும் பேனர் கடைக்குப் போன் போட்டார்.

“பாப்பா, அம்மா போட்டோ ஒண்ணு குடு. கடைக்காரன் அனுப்பச் சொல்றான்.”

என் மகள் போனை நீட்டினாள். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். அவருடைய முகம் மாறியது.

“இன்னாம்மா இது? முதுகு, காலு, இது இன்னா, தலமுடியா? மூஞ்சி எங்க?”

“மூஞ்சி எடுக்கல மாமா.”

“எடுக்கலயா? வருஷம் பூரா போனத் தூக்கிக்கினு அவ பின்னாடியே சுத்தினியே. பெத்தவ மூஞ்சி ஒண்ணு உங்கிட்ட இல்லயா?”

பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் ஏன் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல நான் எழுந்திருப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, “ஆதார் கார்டு எங்க மாப்ள?” என்று கேட்டுவிட்டார். நான் பீரோவைத் திறக்கப் போனேன்.

பிளஸ் டூ படிக்கும்போதே என் மகள் போட்டோதான் படிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு படிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. நான் ஐந்தாவதோடு நின்றவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் பழைய இரும்பைத் தரம் பிரித்துப் போடுகிற வேலை. நான் பார்த்த போட்டோக்காரர்கள் எல்லாம் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணை மறைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான். கேமராவைத் திருப்பினால் நான் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் போய்விடுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சும் வராது.

அவள் அம்மாதான் நேராகக் கேட்டாள்.

“இதப் படிச்சா ஸ்டூடியோ வைக்கலாமா?”

“ஸ்டூடியோ வைக்க இல்லம்மா.”

“அப்புறம் இன்னாத்துக்கு?”

“பாக்கக் கத்துக் குடுப்பாங்க.”

“கண்ணு ரெண்டும் நல்லாத்தானே கீது உனக்கு? பாக்கறதுக்கு ஒரு ஸ்கூலா!” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கும் அவளுக்கு. ஆனாலும் சிரித்தாள்.

படிக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று சென்னையில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே ஒரு பட்டப்படிப்பில் பத்திரிகை, விளம்பரம், சினிமா எல்லாம் கலந்து சொல்லிக்கொடுப்பார்கள்; போட்டோ அதில் ஒரு பாடம். கவரப்பேட்டையில் காலை ரயில் ஏறினால் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று பெங்களூர்ப் பக்கம் இருக்கும் ஒரு கலைப்பள்ளி. அங்கே முழுப் படிப்பும் போட்டோதான். அங்கேயே தங்க வேண்டும். மார்க்கைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், எடுத்த படங்களைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதையே பல மாதங்கள் எடுத்த படங்களாக இருக்க வேண்டும். என் மகளுக்கு இரண்டாவதுதான் ஆசை. அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அவள் அம்மா.

என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் புதுவாயலில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவாள். எனக்கு லீவு கிடைக்காத நாட்களில் மகள்தான் கூடப் போவாள். என் மனைவிக்கு முகம் ஊதி, தோல் சாம்பலாகி, கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியை அவளே ஆணியிலிருந்து எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள்.

மகள் முதல் தடவை போனைத் தூக்கியபோது என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“மூஞ்சி மட்டும் வாணாம். மூஞ்சி தேறட்டும், அப்புறம் எடுத்துக்கோ. வேற இன்னா வேணாலும் எடுத்துக்கினு போ.”

மகள் அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள். பஸ் ஜன்னலில் சாய்ந்த பின்னந்தலை, அவிழ்ந்து கிடக்கும் கொண்டை. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் மெஷின்மேல் நிற்கும் இரண்டு பாதங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னதற்காக அவள் தனியாக வைத்திருந்த சின்ன டம்ளர், அதைப் பிடித்த விரல்கள். ஊசி போட்டுப் போட்டுக் கயிறு முறுக்கியது போலப் புடைத்த கை. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதுகு. சாயங்காலத்தில் மகள் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டுவாள். நல்லா இருக்கும்மா என்பேன். அதற்குமேல் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு காதோரம் மட்டும் தெரிகிற படத்தில்கூட, அது என் மனைவி என்றும் அன்றைக்கு அவளுக்கு உடம்பு எப்படி இருந்தது என்றும் எனக்குத் தெரிந்தது.

முகம் தேறவில்லை. மகளுக்குப் பரீட்சை முடிந்த சில நாட்களில் என் மனைவி போய்விட்டாள்.

கல்யாண ஆல்பம் முன்பே ஒரு மழை வெள்ளத்தில் ஊறி, பக்கங்கள் ஒட்டிப்போய்விட்டன. எனவே ஆதார் கார்டுதான். பேனர் கடையில் அதற்கென்றே உடம்புகள் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் என்றால் கோட்டு, பெண்கள் என்றால் பட்டுப்புடவை. கார்டில் இருந்த முகத்தை வெட்டி, வெளுக்க வைத்து, மாம்பழ நிறப் பட்டுக்கும் கழுத்து நிறைந்த நகைக்கும் மேலே ஒட்டியிருந்தார்கள். பின்னால் மேகம், இரண்டு புறாக்கள். என் மனைவி கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவியவள். அப்படி ஒரு புடவையை அவள் தொட்டுப் பார்த்ததில்லை.

“எவ்ளோ லட்சணமா கீறா பாரு, மகராசி” என்று வந்தவர்கள் பேனரைப் பார்த்து அழுதார்கள். மகள் வாசலுக்கு வரவே இல்லை. அம்மாவைத் தூக்கியபோது மட்டும் வந்தாள். பேனரைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதே படத்தைச் சட்டம் போட்டுக் காரியத்துக்கும் வைத்தோம். மாலை போட்டு, விளக்கு ஏற்றினோம். இப்போதும் அதுதான் சுவரில் இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு ஒரு விஷயம் நடந்தது. அடுத்த வரிசை வீட்டுக்காரி, என் மனைவியோடு கேன்டீனில் வேலை பார்த்தவள், தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பாப்பா, என்னிய நேரா ஒண்ணு எடுத்து வை. எனக்கும் ஆதார்ல மூஞ்சி பேய் மாதிரி கீது. நாளைக்கு எவ உடம்புல ஒட்டுவானோ.”

மகள் அவளை எங்கள் வீட்டு நீலச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்தாள். மறுநாள் அவள் புருஷன் வந்தான். பிறகு தெருவே வந்தது. சாயங்கால வெளிச்சம் இருக்கும்வரை ஆள் வந்துகொண்டே இருந்தார்கள்.

“சிரிக்கலாமா பாப்பா?”

“செத்தவ சிரிச்சிக்கினு இருந்தா எவன் அழுவான்?”

“நீ சிரிச்சா அழுவாம இருப்பானா? பயந்து அழுவான்.”

ஆரம்பாக்கத்துப் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் தன் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெரியவர், “டப்பு எவ்ளோம்மா?” என்று கேட்டார். காசு வேண்டாம் தாத்தா என்றாள் என் மகள். “அப்ப ரெண்டா எடு. ஒண்ணு பேனருக்கு, ஒண்ணு கெழவி பாத்துக்கினு இருக்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அம்மா போன பிறகு அப்போதுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

கடைசி வரிசையில் தங்கியிருந்த ஒடிசா ஆட்களும் வந்தார்கள். ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்பவர்கள். அவர்கள் சிரிக்கவில்லை. கேலி பேசவில்லை. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்து, எடுத்ததும் எழுந்து போனார்கள். படம் வந்ததும் நின்ற இடத்திலேயே அதை ஊருக்கு அனுப்பினார்கள்.

கலைப்பள்ளியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டபோது, மகள் இரண்டு வகைப் படங்களையும் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். அம்மா படங்கள் ஓர் உறையில். தெருக்காரர்கள் படங்கள் இன்னோர் உறையில். நானும் கூடப் போனேன். வெளியிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். பெற்றோரும் உள்ளே வரலாம் என்று கூப்பிட்டு, சுவரோரம் ஒரு நாற்காலி போட்டார்கள்.

மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். அதில் ஓர் அம்மாவுக்குத் தமிழ் தெரியும். மரியாதையாகவும் பொறுமையாகவும்தான் பேசினார்கள். முதலில் தெருக்காரர்கள் படங்களைப் பார்த்தார்கள். பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். பிறகு அம்மா படங்களை நீள மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்கள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். மேசையைச் சுற்றி நடந்து, குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

“அந்தப் படங்கள் அடையாள அட்டைப் படங்கள் மாதிரி இருக்கும்மா. யார் வேணாலும் எடுத்திருக்கலாம். இதை நீ மட்டும்தான் எடுத்திருக்க முடியும்” என்றார் அந்த அம்மா.

மகள் சொன்னாள்: “அது அவங்களுக்குத் தேவைப்பட்டுது மேடம். எங்கம்மாக்கு அப்பிடி ஒண்ணு இல்ல.”

“இல்லன்னா?”

“செத்துட்டாங்க.”

அந்த அம்மா அதை மற்ற இருவரிடமும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு வயதான ஆசிரியர் ஆங்கிலத்தில் மெதுவாக எதையோ கேட்டார். அந்த அம்மா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

“தப்பா எடுத்துக்காதே. கடைசி நாள்ல ஏதாவது எடுத்தியான்னு கேக்கறார். இந்த வரிசை எங்க முடியுதுன்னு பாக்கறார்.”

“இல்ல” என்றாள் மகள்.

நான் அதையெல்லாம் பாதிதான் கேட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து மேசை தெரிந்தது. போனில் உள்ளங்கை அளவு பார்த்த படங்கள் இப்போது பெரிதாகக் கிடந்தன. பஸ் ஜன்னல், பாதம், டம்ளர், முதுகு. சாவுக்குப் பிறகு அன்றுதான் என் மனைவியை நான் திரும்பப் பார்த்தேன். அழக்கூடாத இடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் சிலர் பார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லாப் படங்களையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் ரயிலில் மகள் ஜோலார்பேட்டைவரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“கடைசி நாள் எடுத்தியான்னு கேட்டாங்க இல்ல நைனா.”

“ஆமா.”

“அம்மாக்கு மூச்சு இழுத்தப்போ நான் போனத்தான் தேடினேன். ஆம்புலன்ஸுக்குப் போடறதுக்கு இல்ல.”

 ஆம்புலன்ஸுக்கு நான்தான் போட்டேனே, நீ தேடி என்ன ஆகப்போகிறது என்றேன். அவள் போனைத் தேடியது படம் எடுக்க என்பது, அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜூன் மாதம் இரண்டு இடங்களும் கிடைத்துவிட்டன. கலைப்பள்ளியில் கட்டணத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தார்கள். விடுதியும் அதில் சேர்ந்தது. எனவே பணம் தடையாக இல்லை. ஒரு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். மச்சான் வந்தார்.

“இதுல யோசிக்க இன்னா கீது மாப்ள? கவர்மெண்டு யூனிவர்சிட்டி. வெளியில வந்தா நாலு பரீட்ச எழுதலாம். காலைல போனா சாயங்காலம் ஊடு வந்துரும் பொண்ணு. உனக்கும் ஒரு வாய் சோறு கெடைக்கும்.”

“அது ஆசப்பட்டது அங்கதான் மச்சான்.”

“ஆசயா? பெத்தவ மூஞ்சிய எடுக்கத் தெரியாதவளுக்கு போட்டோ ஸ்கூலு ஒரு கேடா? ஊரே சிரிச்சிது அன்னிக்கு.”

மகள் அடுப்பின் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். நான் எழுந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

“மூஞ்சி எடுக்காதன்னு சொன்னது உங்க தங்கச்சி. இந்த மூஞ்சி வாணாம், தேறட்டும்னு சொன்னா. அவ சொன்னத இது கேட்டுது. அவ்ளோதான்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த பட்டுப்புடவைப் படத்தைப் பார்த்தார். கண்ணாடி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போகும்போது மகளின் தலையில் கை வைத்து, “எங்க வேணாலும் படி தாயி. மாமன் குறுக்க நிக்கல” என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நம்பினேன். அவர் போனதும் மகளிடம் சொன்னேன்.

“நீ அங்கயே போம்மா. என்னப் பத்திக் கவலப்படாத. அந்த மேடம் சொன்னது நெசம். செவுத்துல கீற இது அம்மா இல்ல. நீ எடுத்த அந்த முதுகுதான் அம்மா.”

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியதில்லை. அவள் தட்டைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

“நீயும் அவங்கள மாதிரியே பேசற நைனா.”

“தப்பா சொல்லிட்டனா?”

“தப்பில்ல. அவங்க சொன்னதும் தப்பில்ல. நல்லா கீதுன்னு எனக்கும் தெரியும். அதான் பயமா கீது. ஒரு வருஷம் அம்மா கையி எந்த வெளிச்சத்துல நல்லா விழுதுன்னு பாத்துக்கினு இருந்தேன். கை வீங்கிக்கினே போச்சு, நான் வெளிச்சத்தப் பாத்தேன். அங்க போனா அதத்தான் இன்னும் நல்லா கத்துக் குடுப்பாங்க. மேசயச் சுத்தி வந்தாங்களே, பாத்த இல்ல?”

“நானுந்தாம்மா பாத்தேன். நான் அம்மாவப் பாத்தேன்.”

“நீ பாத்த. அவங்க படத்தப் பாத்தாங்க. நான் யாரு மாதிரி ஆவேன்னு எனக்குத் தெரியல.”

அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.  மறுநாள் அவள் கலைப்பள்ளிக்கு எழுதிவிட்டாள். வருவதற்கில்லை என்று இரண்டு வரி எழுதியதாகச் சொன்னாள்.

இப்போது பல்கலைக்கழகத்துக்குத்தான் போகிறாள். காலை ரயில், சாயங்கால ரயில். ஆலையில் யாராவது கேட்டால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்கிறேன். “பரவால்லயே, கவர்மெண்டு காலேஜு” என்று தோளைத் தட்டுகிறார்கள். போட்டோ பாடத்துக்குக் கொடுக்கிற வேலைகளைச் செய்கிறாள். சோப்பு டப்பா, செருப்பு, பாட்டில் என்று மேசைமேல் வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். நல்ல மார்க் வாங்குகிறாள். தெருவில் யாராவது முகம் எடுக்கச் சொல்லி வந்தால் எடுத்துக்கொடுக்கிறாள். மற்றபடி அவள் படம் எடுக்கப் போனைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

போன வாரம் அவள் கிளம்பும்போது கேட்டேன். அந்த முதுகுப் படம் ஒன்றை எனக்கு அச்சுப் போட்டுத் தர முடியுமா, சட்டம் நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“இல்ல நைனா. சீட்டு வாணாம்னு எழுதின அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“அங்க குடுத்தது?”

“அவங்ககிட்ட இருக்கும். சேராதவங்க கேட்டு வாங்கிக்கணும். கேக்கலன்னா அடுத்த பேட்ச் வரும்போது எடுத்துப் போட்ருவாங்க.”

“கேக்கலாமா?”

“நான் கேக்க மாட்டேன்” என்றாள். பிறகு, “ரயிலு வந்துரும்” என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு அந்தப் பள்ளிக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவளிடம் இன்னொரு தடவை கேட்கவும் மனசு வரவில்லை. அன்று முழுவதும் ஆலையில் இரும்பைப் பிரித்துக்கொண்டே படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பஸ் ஜன்னல் வந்தது. எடை மெஷின் வந்தது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த படத்தில் அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவையா, அந்தப் பழைய ஊதாப் புடவையா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.